பசித்த கை

எனக்கு எதையும் எடுத்த எடுப்பில் நம்புகிற சுபாவம் கிடையாது. தீமிதியில் சாமி வந்து ஆடுகிறவளின் கால் நிஜமாகவே தணலில் படுகிறதா என்று குனிந்து பார்த்த ஒரே மருமகள் எங்கள் ஊரில் நான்தான். என் மாமியார் எனக்கு வைத்த பெயர் சந்தேகப் பிராணி. அந்தப் பெயரில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது அதை எழுதவே கை கூசுகிறது.

பாகூர் ஏரித் தண்ணீரில் விளைகிற நிலம் எங்களுடையது. நெல்லும் கரும்பும் மாற்றி மாற்றிப் போடுவோம். வீட்டில் மாமியார், என் வீட்டுக்காரர், நான், கொழுந்தனார் என்று நான்கு பேர்தான். கொழுந்தனாருக்கு அபிஷேகப்பாக்கத்திலிருந்து பெண் எடுத்தோம். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. என்ன சொன்னாலும் "சரிக்கா" என்பாள். இப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு மூக்கில் வியர்க்கும். என்னத்தையோ மறைக்கிறாள் என்று வந்த வாரமே முடிவு கட்டிவிட்டேன்.

அவள் வந்து ஆறு மாதம் இருக்கும். ஒரு காலை பரங்கிக்காய் அரிந்துகொண்டிருந்தவள் "ஸ்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் அரிவாள்மணையில் இறங்கி, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. நான் மஞ்சள்தூள் எடுத்துவர ஓடினேன். வந்து பார்த்தால் விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

"இன்னாடி ஒண்ணும் இல்ல? எலும்பு தெரிஞ்சுதே! காட்டு."

கையைப் பிடித்து இழுத்துப் பிரித்தேன். இரத்தம் ஈரமாக இருந்தது. முந்தானையால் துடைத்தால், விரலில் நகம் பட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான். அவள் கை மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது.

அன்று மத்தியானம் சோற்றுப் பானையைத் திறந்தால் அடிப்பருக்கைதான் மிச்சம். ஏர் ஓட்டப் போன ஆட்கள் இன்னும் சாப்பிடவில்லை. நான்தான் வடித்தேன், எனக்குத் தெரியாதா எவ்வளவு வடித்தேன் என்று? அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "சோத்துத் திருடி" என்றேன். கிணற்றடியில் நாலு பேர் காதில் விழும்படி மறுபடியும் சொன்னேன். அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பிறகு ஒரு நாள் கன்றுக்குட்டி வேலி முள்ளில் பாய்ந்து தொடையைக் கிழித்துக்கொண்டது. தோல் மடிந்து தொங்கியது. இவள் அதைத் தன் மடியில் போட்டுக்கொண்டு இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்து அழுத்தினாள். நான் கதவு இடுக்கில் நின்று பார்த்தேன். ஆறுகிற பாலில் ஆடை கூடுகிற மாதிரி, கிழிந்த ஓரம் இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்ல நகர்ந்து கூடியது. கன்று எழுந்து ஓடியது. இவள் நேராக அடுப்படிக்குப் போய், நின்ற வாக்கிலேயே நாலு கேழ்வரகுக் களி உருண்டையை விழுங்கினாள்.

"கன்னுக்கு வெறும் கீறல்தான் போலக்கீது" என்றேன், உள்ளே போய்.

"ஆமாக்கா" என்றாள், வாயில் களியோடு.

நான் கண்ட இரண்டையும் தனித்தனிக் குற்றமாகவே மனசில் எழுதி வைத்தேன். ஒன்று கண்கட்டு வித்தை. இன்னொன்று திருட்டு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரிய புத்திசாலி நான்!

அந்தத் தை மாசம் கரும்பு வெட்டு. வெட்டின காட்டில் கட்டைகள் ஈட்டி மாதிரி நிற்கும். என் வீட்டுக்காரர் வெறுங்காலோடு நடந்து, ஒரு கட்டை உள்ளங்காலில் ஏறிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. துணியை அவிழ்த்தபோது கால் வீங்கி, உள்ளங்காலில் ஒரு பள்ளம், அதன் ஓரமெல்லாம் கறுப்பு.

பிரெஞ்சுக்காரர்களின் ஊராட்சி ஆபீசான மேரிக்குப் போய் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வண்டி கட்டிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். உலக யுத்தம் நடந்த சண்டைக் காலம், மருந்துக்குப் பஞ்சம். வெள்ளைக்கார டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் பாஷையில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற கிராணி, ஆஸ்பத்திரிக் கணக்குப்பிள்ளை, எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"கழுவறதுக்கு ஊதாத் தண்ணி குடுக்கறாரு. பதினஞ்சு நாள் பாரு. புண்ணு ஆறலன்னா முட்டிக்குக் கீழ எடுத்துடணும். விட்டா உசுருக்கு மோசம்."

திரும்பி வரும்போது நடுவில் வருகிற இங்கிலீஷ்காரன் எல்லையில் வண்டியை நிறுத்திச் சோதனை போட்டார்கள். என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏர் புடிக்கிறவனுக்கு ஒத்தக் கால வெச்சிக்கினு இன்னா பண்ண சொல்ற?" நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்த சோதனைக்காரன்கூடத் தள்ளிப்போய் நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனார் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க. அவ கை வெச்சா புண்ணு ஆறுது. எனக்கே ரெண்டு வாட்டி ஆறிக்கீது. அண்ணனுக்கு ஒருவாட்டி..."

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று புரியாது. எங்கள் சனங்களில் தம்பி பெண்டாட்டி மூத்தார் எதிரில், அதாவது புருஷனுடைய அண்ணன் எதிரில், நிற்கவே மாட்டாள். அவர் கூடத்துக்கு வந்தால் இவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். குரல்கூட அவர் காதில் விழக்கூடாது. அப்படிப்பட்டவள் அவர் காலைத் தொட்டு நாழிக்கணக்கில் உட்காருவதா? மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கோ வேறு எரிச்சல். என் புருஷன் காலை இவள் எதற்குப் பிடிக்க வேண்டும்? எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்தாளோ? இவள் வேண்டாம், நம்பாதீர்கள் என்று அவரிடமே சொன்னேன்.

ஆனால் கால் போகப்போகிறதே. மனசு கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும் பார்ப்போம் என்று, குறுக்கே ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டினோம். அந்தப் பக்கம் அவர் படுத்திருந்தார். கால் மட்டும் திரைக்கு அடியில் இந்தப் பக்கம் நீண்டிருந்தது. அவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு.

அன்று அவள் விடிந்ததும் பழையதை வயிறு முட்டக் குடித்திருந்தாள். கையை வைத்து எடுத்தபோது சீழ் வற்றி, பள்ளத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் "எரிச்சல் கொறைஞ்சிக்கீது" என்றார். ஊதாத் தண்ணி வேலை செய்கிறது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் தொடரச் சொல்வதென்று முடிவானது.

அடுத்த நாள் மாமியார்தான் பேச்சை எடுத்தார். வெறும் பொம்பளையாகத் தொட்டால்தான் தப்பு, மாரியம்மன் காரியமாகத் தொட்டால் ஊர் வாயை மூடும் என்றார். அம்மன் காரியம் என்றால் ஒருபொழுது இருக்க வேண்டாமா? ஒரு வேளைதான் சாப்பாடு. ஈரப் புடவை. அதோடு நின்றிருக்கலாம். நான் விடவில்லை.

"ஒருபொழுதெல்லாம் பத்தாது அத்தே. வெறும் வவுத்தோட இருந்தாத்தான் சுத்தம். பச்சத் தண்ணி மட்டும் குடிக்கட்டும். அம்மன் நெசமாவே அவகிட்ட இருந்தா பசி தெரியாது."

இதைச் சொன்னவள் நான். மாமியார் இல்லை, ஊர் இல்லை, நான். சோத்துத் திருடி எத்தனை நாள் தாங்குவாள் என்று பார்க்கிற ஆசை. அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு "சரிக்கா" என்றாள்.

மூன்று நாள் போயிற்று. புண் அப்படியே நின்றது. ஐந்தாம் நாள் வைக்கோல் போர் பக்கம் போனேன். அவள் போருக்குப் பின்னால் குந்திக்கொண்டு, ஆட்களுக்கு வைத்த கூழை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைக்கூடத் துடைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் தலைமயிரைப் பிடித்து மாமியார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"பாருங்க உங்க அம்மனை! விரதத்துல திருட்டுக் கூழு!"

அன்று அவள் கை வைத்தபோது புண் ஒரு விரல் அகலம் சுருங்கியது. என் கண்ணாலேயே பார்த்தேன். முந்தின மூன்று நாள் விரதத்தின் பலன் என்று மாமியார் சொன்னார், நானும் ஆமோதித்தேன். உடனே கற்பூரம் கொளுத்தி அவளிடம் சத்தியம் வாங்கினோம், இனிமேல் வாயில் பருக்கை படாது என்று. அடுப்படிச் சாவி என் இடுப்புக்கு வந்தது. கொழுந்தனார் அப்போது கரும்பு ஆட்டவும் வெல்லம் காய்ச்சவும் கொட்டாயிலேயே தங்கிவிட்டார். அவளுக்காகப் பேச வீட்டில் ஆள் இல்லை.

அதற்கப்புறம் புண் ஆறவில்லை. தினமும் வந்து உட்கார்ந்தாள். கை வைப்பாள், நெற்றியெல்லாம் வேர்க்கும், எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிப்பாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கன்னம் ஒட்டி, பல் வெளியே தெரிந்தது. நானோ, நடிப்பு என்றேன். கறுப்பு மேலே ஏறிக் கணுக்காலைத் தொட்டபோது திரைக்கு அந்தப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் சுவரோடு பேசுகிற மாதிரி, "நாளு போய்க்கினே இருக்குது" என்றார். அன்று ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். அழுகையிலும் ஒரு மூலையில், நான் சொன்னது சரியாகப் போயிற்று பார் என்ற எண்ணம் இருந்தது. அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள், மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். அவள் காலில் கை வைத்தபடியே சரிந்து என் தோளில் விழுந்தாள். கண் செருகிவிட்டது. ஐயோ, ஒரு கொலைப் பழி நம் தலையில் விழப்போகிறதே என்று பயந்துதான் ஓடினேன், இரக்கத்தில் இல்லை. வடித்த கஞ்சி சூடாக இருந்தது. சொம்பில் எடுத்துவந்து, அவள் தலையைத் தூக்கி, வாயில் ஊற்றினேன். அவள் கை அப்போதும் புண்ணின் மேலேயே கிடந்தது.

ஒரு மடக்கு இறங்கியது. விரல்களுக்கு நடுவில் புண்ணின் ஓரம் அசைந்தது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சொம்பை நிறுத்தினேன். ஓரம் நின்றது. ஊற்றினேன். மடக் மடக்கென்று குடித்தாள், சிவப்புச் சதை எறும்பு ஊர்கிற வேகத்தில் உள்ளே நகர்ந்தது. மறுபடி நிறுத்தினேன். நின்றது. செத்துக்கொண்டிருக்கிறவள் வாயிலிருந்து கஞ்சியை எடுத்து எடுத்து, மூன்று தரம் சோதித்தேன். அப்படிப்பட்ட பிறவி நான்.

அரிவாள்மணை, காலியான பானை, கன்றுக்குட்டி, களி, வைக்கோல் போர், கூழ். எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. அடிப்பாவி என்று வாய்விட்டுச் சொன்னேன், என்னைத்தான்.

"இன்னா சத்தம் அங்க?" என்றார் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர்.

"ஒண்ணும் இல்ல. தூங்குங்க."

அவளைத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் மீதிக் கஞ்சியைக் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் கேட்டேன். குனிந்தபடியே மெதுவாகச் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். வயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கைக்கு வருமாம். "சோறு இருந்தா சோத்துலேர்ந்து வரும்க்கா. இல்லன்னா என் ஒடம்புலேர்ந்து எடுக்கும். இப்ப எடுக்க ஒடம்புல ஒண்ணும் இல்ல." காய்ச்சலுக்கு, வயிற்று வலிக்கு அது கேட்காது. தோலும் சதையும்தான். "எலும்புல பூந்துட்டா என்னால ஆவாது."

"ஏண்டி, இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லாத முகம். அதுதான் என்னைக் குத்தியது.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியாக்கா? சோத்துக்காவ கதை கட்றான்னு சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பேன். அதே வார்த்தையில், கிணற்றடியில், நாலு பேர் கேட்கச் சொல்லியிருப்பேன்.

இன்னும் மூன்று நாள் இருந்தது. அப்போதாவது நான் என்ன செய்திருக்க வேண்டும்? மாமியாரைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, பெரிய பானையாக ஏற்றுங்கள், இவள் ஒரு வாய் தின்றால் உங்கள் மகன் கால் ஒரு விரல் அகலம் பிழைக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்தவள் நான். கற்பூரம் கொளுத்தியவள் நான். எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அதனால் திருட்டுத்தனமாக, முந்தானைக்குள் சின்னக் கிண்ணத்தை மறைத்துக்கொண்டு, மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் கொடுத்தேன். மாமியார் தலை தெரிந்தால் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு பானை சோறு கேட்கிற கைக்கு மூன்று நாளும் கிண்ணம் கிண்ணமாகத்தான் போட்டேன்.

அதற்கே கறுப்பு கணுக்காலிலிருந்து இறங்கியது. பள்ளம் பாதியாகத் தூர்ந்தது. பதினைந்தாம் நாள் விடிந்தபோது அவருக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அவள் புண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள். "அடியில எலும்பப் புடிச்சிக்கிச்சிக்கா. இனிமே என்னால ஆவாது." சொல்லிவிட்டுச் சத்தம் வராமல் அழுதாள். என் புருஷனுக்காக அவள் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். காலைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது. புதுச் சதையை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். கிராணி என்னிடம் திரும்பினார்.

"இன்னா மருந்து போட்டீங்கன்னு கேக்கறாரு. மேல நல்லா ஆறிக்கினு வந்திருக்குதாம். இதையே மொதல்லேர்ந்து ஒழுங்கா போட்டிருந்தா கால் தங்கியிருக்கும்ன்றாரு. இப்ப எலும்பு போயிடுச்சு, எடுத்துத்தான் ஆவணும்."

"ஊதாத் தண்ணிதாங்க" என்றேன்.

அன்றே எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன். உயிர் தங்கியது. அதற்குச் சாமிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்த அன்று கொழுந்தனார் அவரை வண்டியிலிருந்து தூக்கி வந்து கூடத்தில் உட்கார வைத்தார். மாமியார் மடித்துக் கட்டிய வேட்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அவள் வழக்கப்படி கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். கையில் அவருக்குக் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்பு. கதவு இடுக்கில் எனக்கு அவள் முகம் தெரிந்தது. கன்னம் இன்னும் தேறவில்லை.

என் வீட்டுக்காரர் கதவைப் பார்த்து, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னார்.

"பதினஞ்சு நாளு என் கால புடிச்சிக்கினு நாடகம் ஆடிக்கீறா மோசக்காரி. அம்மன் காரியத்துல திருடித் துன்னவ." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவ வேணாம், நம்பாதீங்கன்னு நீ மொதல்லயே சொன்ன. நான்தான் கேக்கல."

கொழுந்தனார் தரையைப் பார்த்தார். மாமியார் என்னைப் பார்த்தார். அவளும் இடுக்கு வழியாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் நான் சொல்வேன் என்ற எதிர்பார்ப்பு இருந்ததா, சொல்லமாட்டேன் என்று தெரிந்திருந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஆமா" என்றேன்.